பெற்றோர் பிரியும்போது பள்ளி என்ன செய்ய வேண்டும்?

கோவில்பட்டி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர் எழுதும் கட்டத்தில் ஆச்சியின் பெயரோ தாய்மாமன் பெயரோ இருக்கும் மாணவர்கள் எல்லா வகுப்புகளிலும் உண்டு. சிலருடைய அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். சிலருடைய பெற்றோர் பிரிந்துவிட்டவர்கள். மழை ஏமாற்றிய ஆண்டில் ஊரைவிட்டுப் போன குடும்பம் போன இடத்தில் இரண்டாகப் பிரிந்து, தாய் மட்டும் பிள்ளையோடு பிறந்த ஊருக்குத் திரும்பித் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போவது இந்தக் கரிசல் பகுதியில் நாம் அடிக்கடி பார்ப்பது.

கணவன் மனைவி வழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. ஆனால் அந்த வழக்கின் நடுவில் இருக்கும் பிள்ளை பகல் முழுவதும் நம்மிடம் இருக்கிறது. அதனால் நாம் அழைக்காமலேயே வழக்கு பள்ளிக்குள் வந்துவிடுகிறது. மதிய உணவு நேரத்தில் வாசலில் வந்து நிற்கும் தந்தை, "பெத்த அப்பன் கேக்கேன், பிள்ளைய அனுப்ப மாட்டீங்களா சார்?" என்கிறார். மறுநாள் தாய் வந்து, "அவரு வந்தா அனுப்பிராதீங்க டீச்சர்" என்று கண்ணைத் துடைக்கிறார். ஒருவர் மாற்றுச் சான்றிதழ் கேட்கிறார், மற்றவர் கொடுக்கக் கூடாது என்கிறார். வழக்கறிஞரிடமிருந்து பதிவுத் தபால் வருகிறது. இந்த நேரங்களில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் நாம் எடுக்கும் முடிவு ஒரு பிள்ளையின் படிப்பையும் பாதுகாப்பையும் பாதிக்கும். ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை என் பணி அனுபவத்தோடு சேர்த்து இங்கே சொல்கிறேன்.

காப்பாளர் வேறு, உடன் வைத்திருப்பவர் வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளையின் சார்பாகச் சட்டப்படி முடிவெடுக்கவும் கையொப்பமிடவும் உரிமை பெற்றவர் காப்பாளர். பிள்ளையை அன்றாடம் தம்முடன் வைத்து வளர்க்கும் பொறுப்பு வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இரண்டு பேரிடமும் இருக்கலாம். பிள்ளை தாயிடம் வளர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதாலேயே தந்தை காப்பாளர் இல்லை என்று ஆகிவிடாது. மணவிலக்கு கணவன் மனைவி உறவைத்தான் முடிக்கிறது. அதற்குப் பிறகும் இருவரும் அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர்தான்.

மணவிலக்குச் சட்டம் மதத்துக்கு மதம் மாறுகிறது. இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், இஸ்லாமியர்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம் என்று உள்ளன. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கேள்விக்கு எல்லா மதத்தவருக்கும் பொதுவாக 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் இருக்கிறது. இந்துக்களுக்குக் கூடுதலாக 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் இருக்கிறது.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்று சொல்கிறது. 5 வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் 13-ஆம் பிரிவு இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றை வைக்கிறது: பிள்ளையின் நலனே முதன்மையானது. தந்தைக்கு உரிமை, தாய்க்கு உரிமை என்று இரு தரப்பும் வாதாடினாலும், இந்தப் பிள்ளை எங்கே இருந்தால் நன்றாக வளரும் என்பதைத்தான் நீதிமன்றம் கடைசியில் பார்க்கிறது.

தாயின் கையொப்பம் செல்லுமா?

நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. உதவித்தொகை விண்ணப்பத்தில், வங்கிக் கணக்குப் படிவத்தில், சுற்றுலா ஒப்புதல் கடிதத்தில், "அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாது" என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் முழுவதும் போகவில்லை. எங்கிருக்கிறார் என்றே தெரியாத அப்பாவிடம் அந்தப் பிள்ளை எப்படிக் கையெழுத்து வாங்கி வரும்?

இதற்கு உச்ச நீதிமன்றம் 1999-ஆம் ஆண்டிலேயே விடை சொல்லிவிட்டது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்கள் வாங்க 1984-இல் விண்ணப்பித்தார். காப்பாளராகத் தாமே கையொப்பமிட்டார். கணவரும் அதற்குச் சம்மதித்திருந்தார். தந்தையின் கையொப்பம் வேண்டும், இல்லையேல் உரிய அதிகாரியிடம் காப்பாளர் சான்று பெற்று வர வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. தந்தை உயிரோடு இருக்கும்வரை தாய் காப்பாளர் ஆக முடியாது என்று சட்டத்தைப் படிப்பது பெண்ணுக்குச் சமத்துவத்தை மறுப்பது என்று அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 'தந்தைக்குப் பிறகு' என்ற சொல்லுக்குத் தந்தையின் ஆயுளுக்குப் பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, தந்தை இல்லாத நிலையில் என்றும் பொருள் என்று நீதிமன்றம் விளக்கியது. தந்தை பிள்ளையின் பொறுப்பை ஏற்காமல் விலகி இருந்தாலோ, வேறிடத்தில் இருப்பதாலோ நோயாலோ கவனிக்க முடியாமல் இருந்தாலோ, இருவரும் ஒத்துக்கொண்டு தாயிடம் பொறுப்பை விட்டிருந்தாலோ, தாய் காப்பாளராகச் செயல்படலாம்.

2015-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. மணமாகாத தாய் ஒருவர் தம் பிள்ளைக்குக் காப்பாளராக நியமிக்கக் கோரும்போது தந்தையின் பெயரை வெளியிட வேண்டும் என்றோ அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றோ கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே பள்ளியளவில் ஒரு படிவத்துக்குத் தாயின் கையொப்பம் போதாது என்று நாமாகச் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

பத்திரத்தில் எழுதினால் முடிந்துவிடுமா?

நம் பகுதியில் பல பிரிவுகள் நீதிமன்றத்துக்கே போவதில்லை. இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, கொடுத்த நகையைத் திருப்பி வாங்கி, முத்திரைத் தாளில் எழுதி, 'அத்துவிட்டாச்சு' என்று முடித்துவிடுகிறார்கள். வழக்காற்றின்படி மணவிலக்குப் பெறும் உரிமையை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்காறு தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறது என்பதை அதை நம்பி நிற்பவர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். முத்திரைத் தாளில் எழுதி நான்கு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டதாலேயே மணவிலக்கு ஆகிவிடாது.

பிள்ளையைப் பொறுத்தவரை அந்தத் தாளின் வலு இன்னும் குறைவு. "ஆண் பிள்ளை அப்பனுக்கு, பெண் பிள்ளை அம்மாவுக்கு" என்று பங்கு பிரிப்பதுபோல எழுதும் பத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பிள்ளைகள் உடைமைப் பொருள்களும் அல்ல, பெற்றோரின் விளையாட்டுப் பொருள்களும் அல்ல. பெற்றோர் இருவரும் சம்மதித்துப் பெற்ற உத்தரவாக இருந்தாலும், பிள்ளையின் நலன் கேட்டால் நீதிமன்றம் அதை மாற்றலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. நீதிமன்றத்தில் சம்மதித்துப் பெற்ற உத்தரவுக்கே இந்த நிலை என்றால், ஊர்ப் பேச்சுவார்த்தையில் எழுதிய தாள் எந்த அளவுக்கு நிற்கும்? அப்படிப்பட்ட தாளை யாராவது பள்ளிக்குக் கொண்டுவந்து நீட்டினால், அதை நீதிமன்ற உத்தரவாக எடுத்துக்கொண்டு மற்றவரைத் தடுக்கக் கூடாது.

எந்த ஊர் நீதிமன்றம்? நம் பதிவேடு ஏன் முக்கியம்?

தந்தை திருப்பூரில் இருக்கிறார். தாய் கோவில்பட்டிக்கு வந்துவிட்டார். வழக்கு எங்கே நடக்கும்? மணவிலக்கு வழக்கைப் பொறுத்தவரை, 2003-இல் இந்து திருமணச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி மனைவி தாம் வசிக்கும் இடத்திலேயே மனு தாக்கல் செய்யலாம். பிள்ளையின் பொறுப்பு பற்றிய மனுவை, 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்தில்தான் கொடுக்க வேண்டும். குடும்ப நல நீதிமன்றம் உள்ள பகுதியில் அங்கே. அது இல்லாத பகுதியில் அதிகாரம் பெற்ற உரிமையியல் நீதிமன்றத்தில். பிள்ளையைச் சட்டத்துக்குப் புறம்பாக ஒருவர் வைத்திருப்பதாக ஆட்கொணர்வு மனு போட்டால், தூத்துக்குடி மாவட்டத்துக்கு அது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும்.

பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறது என்பதற்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்படும் சான்றுகளில் ஒன்று பள்ளியின் ஆவணம். எந்தத் தேதியில் சேர்ந்தது, எத்தனை நாள் வந்தது, எந்த முகவரி கொடுக்கப்பட்டது, சேர்க்கைப் படிவத்தில் யார் கையெழுத்திட்டார் ஆகிய விவரங்கள் ஒரு வழக்கு எந்த ஊரில் நடக்கும் என்பதையே முடிவு செய்யக்கூடும். வாரக்கூலிக்குப் போகும் ஒரு தாய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருப்பூர் சென்று வர வேண்டுமா, உள்ளூரிலேயே போகலாமா என்பது அதில் அடங்கியிருக்கிறது. வராத பிள்ளைக்கு வருகை போடுவதும், சேர்க்கைத் தேதியை முன்தேதியிட்டு எழுதுவதும் எப்போதுமே தவறு. இத்தகைய பிள்ளையின் விஷயத்தில் அது நீதிமன்றத்தின் முன் பொய்ச் சான்றாகவும் ஆகிவிடும்.

பள்ளி வாசலில்

எங்கள் பள்ளியில் ஜூன் மாதமே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் வாங்கிவிடுகிறோம். பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடியவர்கள் யார், அவர்களுடைய உறவு என்ன, கைப்பேசி எண் என்ன என்பதை எழுதிக் கையொப்பம் பெறுகிறோம். எல்லாப் பிள்ளைகளிடமும் வாங்குவதால் பிரிந்த குடும்பத்துப் பிள்ளை தனித்துத் தெரிவதில்லை. பள்ளி நேரத்தில் யார் வந்து கேட்டாலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு.

சிக்கல் வரும்போது பின்வரும் வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும்.

நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லையென்றால், பெற்றோர் இருவரில் யாருடைய உரிமையும் இல்லாமல் போய்விடவில்லை. நாம் ஒருவர் பக்கம் நின்று மற்றவரை விரட்ட முடியாது. அதே நேரத்தில், இப்போது பிள்ளை எங்கிருந்து பள்ளிக்கு வந்து போகிறதோ அந்த ஏற்பாட்டைப் பள்ளி நேரத்தின் நடுவே நாம் மாற்றிவிடவும் கூடாது. வந்திருக்கும் தந்தையைத் தலைமையாசிரியர் அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகப் பேசி, தாய்க்கு அவர் முன்னிலையிலேயே தொலைபேசியில் தகவல் சொல்கிறோம். பிள்ளை விரும்பினால் ஆசிரியர் ஒருவர் உடனிருக்கப் பார்த்துப் பேசலாம். அழைத்துச் செல்வதை மட்டும் இருவரும் எழுத்தில் சம்மதித்தாலோ நீதிமன்றம் சொன்னாலோதான் அனுமதிக்கிறோம். கைகலப்பு வரும் நிலை என்றால் காவல் நிலையத்துக்கும், பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் தகவல் கொடுக்கத் தயங்குவதில்லை.

நீதிமன்ற உத்தரவு இருந்தால், அதன் நகலைப் பெற்றுப் பிள்ளையின் கோப்பில் வைக்க வேண்டும். உத்தரவை முழுவதும் படிக்க வேண்டும். அது இடைக்கால உத்தரவா, இறுதி உத்தரவா? தேதி என்ன? எந்தக் கிழமையில் யார் சந்திக்கலாம் என்று இருக்கிறது? பல உத்தரவுகளில் காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் பாதி நாட்கள் மற்றவரிடம் இருக்க வேண்டும் என்று வரும். விடுமுறைத் தேதிகளை இருவருக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டால் ஒரு சண்டை குறையும். 2020-இல் உச்ச நீதிமன்றம், உடன் இல்லாத பெற்றோர் தொலைபேசியிலும் காணொளி அழைப்பிலும் பிள்ளையோடு பேசும் வாய்ப்பைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. வெளியூரில் வேலை செய்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வழக்கறிஞர் அனுப்பும் அறிவிப்பு நீதிமன்ற உத்தரவு அல்ல. தாக்கல் செய்த மனுவின் நகலும் உத்தரவு அல்ல. அவை ஒரு தரப்பின் கூற்று மட்டுமே. நீதிமன்ற முத்திரை உள்ள சான்றிட்ட நகல்தான் நம்மைக் கட்டுப்படுத்தும்.

மாற்றுச் சான்றிதழ்

2009-ஆம் ஆண்டின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, எந்தக் காரணத்தாலும் வேறு பள்ளிக்கு மாற வேண்டிய பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. சான்றிதழ் வரத் தாமதமானது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை இந்தப் பாதுகாப்பு உண்டு. வயதுச் சான்று இல்லை என்றும் சேர்க்கையை மறுக்க முடியாது. இது 14-ஆம் பிரிவு.

கணவர் வீட்டிலிருந்து கட்டிய சேலையோடு வெளியேறிய தாயிடம் எந்தத் தாளும் இருக்காது. அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நம்மிடம் வந்தால், முதலில் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். எமிஸ் பதிவையும் சான்றிதழையும் பழைய பள்ளியோடு பேசிப் பிறகு சரிசெய்யலாம். நாம் பழைய பள்ளியாக இருந்து, ஒருவர் கேட்க மற்றவர் எதிர்த்தால், இருவரிடமும் எழுத்தில் வாங்கி, நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா என்று கேட்டு, கல்வி அலுவலருக்கு அன்றே தெரிவித்து அவருடைய அறிவுரையைப் பெறுவது நல்லது. நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருக்கும் வழக்கில், பிள்ளையை அந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்ல 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி அனுமதி தேவைப்படும். சச்சரவு தீரும்வரை பிள்ளை எங்காவது ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு பள்ளிகளுக்கு நடுவே வீட்டில் நிற்கக் கூடாது.

பெயர், முன்னெழுத்து, தந்தை பெயர் ஆகியவற்றை வாய்மொழியாகக் கேட்டதற்காகத் திருத்தக் கூடாது. உரிய ஆணையோடு வந்தால் மட்டுமே திருத்த வேண்டும். தாயின் கைப்பேசி எண்ணைச் சேர்ப்பது போன்றவற்றை உடனே செய்யலாம்.

சான்று எழுதும்போது

"பிள்ளையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் தாங்க சார்" என்று இரு தரப்பும் கேட்பார்கள். நாம் கண்ணால் பார்த்ததையும் பதிவேட்டில் உள்ளதையும் மட்டும் எழுத வேண்டும். இன்ன தேதியிலிருந்து படிக்கிறார், இத்தனை நாள் வருகை, பெற்றோர் கூட்டங்களுக்கு வந்தவர் இவர் என்பவை நமக்குத் தெரியும். 'நல்ல தாய்', 'பொறுப்பற்ற தந்தை' என்பவை நமக்குத் தெரிந்தவை அல்ல. அது நீதிபதி முடிவு செய்ய வேண்டியது. நீதிமன்ற அழைப்பாணை வந்தால் உயர் அலுவலருக்குத் தெரிவித்துவிட்டு, கேட்ட ஆவணத்தோடு போய் உள்ளதைச் சொல்ல வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை.

பிரிந்த ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மற்றவருடைய முகவரியையோ தொலைபேசி எண்ணையோ கேட்பதும் உண்டு. அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு தனிப்பட்ட தகவல்களுக்கு விலக்கு தருகிறது. அடிக்குப் பயந்து வந்திருக்கும் தாயின் முகவரி நம் கையிலிருந்து வெளியே போய்விடக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஒரு குடும்பத்தின் கதையைப் பேசக் கூடாது. உறுப்பினர்கள் அதே தெருக்காரர்கள்.

பிள்ளையின் சொல்

யாரிடம் இருக்க விருப்பம் என்று அறிவோடு சொல்லக்கூடிய வயதில் பிள்ளை இருந்தால், நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பெரும்பாலும் நீதிபதி பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். பிள்ளை சொல்வதே தீர்ப்பு அல்ல. ஒருவரிடமே நெடுநாள் இருக்கும் பிள்ளையின் மனத்தில் மற்றவரைப் பற்றிய வெறுப்பு ஊட்டப்படுவதுண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு தீர்ப்பில் விரிவாகப் பேசியது.

அந்தக் கேள்வியை நீதிபதி கேட்கலாம். நாம் கேட்கக் கூடாது. "உனக்கு அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?" என்று வகுப்பில் விளையாட்டாகக் கேட்பதுகூட இந்தப் பிள்ளைக்கு வலி. வழக்கு நடக்கும் வீட்டுப் பிள்ளை சிலவற்றை நமக்குச் சொல்லாமல் காட்டும். வாய்தா நாளுக்கு முந்திய நாள் வயிற்றுவலி வரும். வீட்டுப்பாடம் நின்றுபோகும். நன்றாகப் படித்த பிள்ளை சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டித்துத் திருத்த முடியாது. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. 'அப்பன் இல்லாத பிள்ளை' என்று ஒரு சொல் சொன்னாலும் அது மனத் துன்புறுத்தல்தான். 'என் குடும்பம்' பாடம் நடத்தும்போது, ஆச்சியும் மாமாவும் சேர்ந்ததும் குடும்பம்தான் என்று சொல்லித் தொடங்கினால் எல்லாப் பிள்ளைகளும் படம் வரைவார்கள்.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு, அதன் நலனுக்கு எதிராக இல்லாதவரை, இருவரோடும் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது அதன் 9-ஆம் பிரிவு. இந்தியச் சட்ட ஆணையமும் 2015-இல் அளித்த தன் 257-ஆவது அறிக்கையில், பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறையைச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நீதிமன்றத் தடை இல்லாதவரை, பிள்ளையின் தேர்ச்சி அட்டையைப் பற்றி இருவருக்கும் சொல்லலாம். மதிப்பெண் கேட்டு வரும் தந்தையை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை.

பணமும் உதவியும்

பிள்ளையின் படிப்பு நிற்பதற்குப் பல வீடுகளில் காரணம் பணம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின்கீழ் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவு) மனைவியும் பிள்ளைகளும் ஜீவனாம்சம் கோரலாம். மணவிலக்கு வழக்கு நடக்க வேண்டும் என்ற தேவை இதற்கு இல்லை. மனு கொடுத்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. வீட்டில் வன்முறை இருந்தால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரே பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பைத் தாய்க்கு வழங்கலாம். பெண்கள் உதவி எண் 181.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து பலர் வழக்குக்கே போவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கோவில்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகினால் போதும். தொலைபேசி எண் 15100. கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையிடம் பெறலாம். மணவிலக்கான அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை பெற வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்.

இவற்றை அந்தத் தாயிடம் சொல்ல ஊரில் வேறு யாரும் இல்லாமல் போகலாம். ஆசிரியர் சொன்னால் அவர் நம்புவார். எந்த அலுவலகம், எந்த எண், என்னென்ன தாள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தால், தீப்பெட்டி ஆபீஸில் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவரே போய்வந்துவிடுவார். அந்தக் காகிதத்தின் பத்து நகல்களை எடுத்துத் தலைமையாசிரியர் மேசையில் வைத்திருங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே தேவைப்படும்.